விமானத்தைப் பற்றி யார் எழுதுவது?

“எழுதுறேன்னு சொல்றியே, என்ன எழுதுற? கவிதையா, கதையா?” சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அத்தை கேட்டார்.

“விமானத்தப் பத்தி எழுதுறேன் அத்தை.”

“அப்ப பைலட்டாவா ஆகப் போற?”

இல்லை என்றேன். அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் கழகத்தின் பழைய ஆண்டிதழ்களைப் புரட்டிப் பார்த்தால் நாமும் அத்தையைப் போலத்தான் நினைத்து வந்திருக்கிறோம் என்பது புரியும். தாய்மை பற்றிய கவிதை, தமிழின் சிறப்பு பற்றிய கவிதை, காதல் தோல்வி பற்றிய கவிதை (இதுதான் அதிகம்), இரண்டு சிறுகதைகள், சங்க இலக்கியம் பற்றி ஒரு கட்டுரை. நானும் முதலாம் ஆண்டில் மழையைப் பற்றி ஒரு கவிதை கொடுத்தவள்தான்; அதை யாரும் தேடிப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால், நம் வீட்டுக் கூரைக்கு மேலே தினமும் பறக்கும் ஓர் இயந்திரம் எப்படிப் பறக்கிறது, அதில் என்ன ஏற்றப்படுகிறது, அது விபத்துக்குள்ளானால் யார் எப்படி விசாரிக்கிறார்கள் என்று தமிழில் எழுத வேண்டியவர் யார்? எழுத்தாளர் என்றால் கவிஞர் அல்லது கதாசிரியர் என்று நாமே வேலி போட்டுக்கொண்டோம். இந்த வேலியைத் தாண்டினால் ஒரு தொழிலும் இருக்கிறது, தமிழுக்கு ஒரு பயனும் இருக்கிறது என்பது என் கருத்து.

தொழில் என்று நான் சொல்வது ஃப்ரீலான்ஸ் எழுத்து. எந்த இதழிலும் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், கட்டுரைக்குக் கட்டுரை ஊதியம் வாங்கி எழுதுவது. விமானத் துறைக்கென்றே உலகில் பல இதழ்கள் உள்ளன. லண்டனில் 1909-இல் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் தொடங்கியது இன்று ‘ஃபிளைட் இண்டர்நேஷனல்’. அமெரிக்காவின் ‘ஏவியேஷன் வீக்’ 1916-இல் பிறந்தது. இவை தவிர, பயணி விமானங்களை நேசிப்பவர்களுக்கான இதழ்கள், சரக்கு விமானத் துறைக்கான இதழ்கள், பழுதுபார்க்கும் துறைக்கான இதழ்கள் என்று பல வகை. எல்லாவற்றையும் அந்தந்த இதழின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களே எழுதி நிரப்புவதில்லை. அந்தந்த ஊரில் இருப்பவர்கள் எழுதி அனுப்புவதற்கும் இடம் இருக்கிறது.

இதற்கு விமானியாக இருக்க வேண்டுமா? எனக்கும் முதலில் இந்தப் பயம் இருந்தது. அதைப் போக்கியது ஒரு தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டி. நம் போட்டி அல்ல. 1950-களில் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டிக்கு, நமது விமானத்தை நாமே தயாரிக்க வேண்டும் என்ற பொருளில் தமிழில் ஒரு கட்டுரை எழுதினார். முதல் பரிசு அவருக்கே. பரிசைக் கொடுத்தவர் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் தேவன். ‘துப்பறியும் சாம்பு’வை எழுதிய அதே தேவன். அந்த மாணவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். படிப்பை முடித்து இந்திய விமானப் படையில் விமானியாகச் சேரப் போனவர், எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தார். பிறகு நடந்தது நம் அனைவருக்கும் தெரியும். ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் இதைப் படித்தபோது என்னை நிறுத்தியது ராக்கெட் அல்ல, அந்தத் தமிழ்ச் சங்கம். இன்று நம் கழகப் போட்டிக்கு அப்படி ஒரு கட்டுரை வந்தால் ‘இலக்கியத் தரம் போதாது’ என்று ஒதுக்கிவிட மாட்டோமா? சுஜாதாவை நினைத்துப் பாருங்கள். பெங்களூருவில் மின்னணு நிறுவனத்துக்குப் போவதற்கு முன் பல ஆண்டுகள் அவர் இந்தியாவின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர். இயந்திரம் தெரிந்த கை எழுதியதால் தமிழ் உரைநடை கெட்டுப்போகவில்லை.

என் கதைக்கு வருகிறேன். 2014 மார்ச் 8. நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. எம்எச்370 விமானம் 239 பேருடன் காணாமல் போனது. அப்பா தினமும் தமிழ் நாளிதழ் வாங்கி வருவார். நான் சத்தமாக வாசிப்பேன். ‘கறுப்புப் பெட்டி’ என்று படித்துவிட்டு, கடலுக்கடியில் கறுப்பு நிறத்தில் ஒரு பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டேன். அப்பாவுக்கும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதற்கு ஆரஞ்சு வண்ணம் பூசுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து இடைநிலைப்பள்ளி நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு வரியைத் தமிழில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே!

2018 ஜூலையில் எம்எச்370 விசாரணை அறிக்கை வெளியானது. ஏறக்குறைய 500 பக்கம். யாரும் இணையத்தில் இறக்கிப் படிக்கலாம். படிவம் மூன்றில் இருந்த நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை மேய்ந்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் ஒரு செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அன்று பின்னிரவு 1.52-க்குத் துணை விமானியின் கைத்தொலைபேசி சமிக்ஞையை ஒரு தொலைபேசிக் கோபுரம் பதிவு செய்திருக்கிறது. அந்தக் கோபுரம் இருந்த இடம் பண்டார் பாரு ஃபார்லிம். ஆயர் ஈத்தாம் பக்கம், என் சித்தி வீட்டுக்கு அருகில்! உலகமே பேசிய ஒரு விமானம் எங்கள் தீவை ஒட்டிப் போயிருக்கிறது, அதற்கான தடயம் சித்தி வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அதுவரை விமானச் செய்தி என்பது எங்கோ தூரத்தில் நடப்பது என்று நினைத்திருந்தேன்.

எழுதத் தொடங்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: தூரத்தில் தேடாதீர்கள். லண்டன் ஆசிரியருக்கு போயிங்கைப் பற்றி நம்மிடம் கேட்க ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியாதது பினாங்கு.

பினாங்கில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச் 24 அன்று ஹாங்காங்கின் கை டாக் நிலையத்தில் முதல் பயணிச் சேவை விமானம் இறங்கியது. அது புறப்பட்ட ஊர் பினாங்கு. இம்பீரியல் ஏர்வேஸின் ‘டொராடோ’ என்ற அந்த விமானத்தில் தபால் மூட்டைகளோடு பயணி ஒரே ஒருவர். 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்குக்குச் சேவை தொடங்கியது. அந்த நிறுவனத்தின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய மலேசியா ஏர்லைன்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும். 2007-இல் ஃபயர்ஃபிளை தன் முதல் சேவையைத் தொடங்கியதும் இங்கிருந்துதான். ஆண்டுக்கு 65 லட்சம் பேருக்கென்று விரிவாக்கப்பட்ட முனையத்தில் 2019-ஆம் ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போனார்கள். தீபாவளி, சீனப் பெருநாள் விடுமுறையில் அங்கே வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் என் கண்ணில் பட்ட முதல் கட்டுரை பயணிகளைப் பற்றியது அல்ல, பெட்டிகளைப் பற்றியது. அப்பா லோரி ஓட்டுநர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஏற்றி, விமான நிலையச் சரக்கு வளாகத்தில் இறக்குவார். 1972-இல் தொடங்கிய அந்தச் சுதந்திர வர்த்தக வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகள் இல்லையென்றால் பினாங்கு விமான நிலையத்துக்கு இத்தனை சரக்கு ஏது? சில்லுகள் எடையில் குறைவு, விலையில் அதிகம். கப்பலில் வாரக்கணக்கில் மிதக்க விட முடியாது. பெட்டியைச் சாய்த்தாலோ தடாலென்று வைத்தாலோ நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் ஒட்டுவில்லைகள் சில பெட்டிகளில் இருக்கும். அவை சிவந்துவிட்டால் அப்பாவுக்கு அன்று தூக்கம் இல்லை. 2020-இல் பெருந்தொற்றின்போது பயணி விமானங்கள் நின்றன. நமக்கெல்லாம் அது விடுமுறை ரத்தான செய்தி. அப்பாவுக்கோ அது சரக்குக்கு இடமில்லாமல் போன செய்தி. ஏனென்றால் சரக்கில் பெரும்பங்கு நாம் உட்காரும் இருக்கைகளுக்குக் கீழே, விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. உலகெங்கும் சில நிறுவனங்கள் காலி இருக்கைகளின் மேலேயே பெட்டிகளைக் கட்டி அனுப்பின. “ஆளு உட்கார்ற எடத்துல சாமான் உட்கார்ந்து போவுதும்மா” என்று அப்பா சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்.

அந்தக் குறிப்பைக் கட்டுரையாக்கும் துணிவு இரண்டாம் ஆண்டில்தான் வந்தது. முதல் முயற்சியில் 2,000 சொல் கட்டுரையை முழுதாக எழுதி, முகம் தெரியாத ஓர் ஆசிரியருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டாவது இதழ் இரண்டு வரியில் மறுத்தது. பிறகுதான் முறையைக் கற்றேன். கட்டுரையை அனுப்பக் கூடாது. யோசனையை அனுப்ப வேண்டும். ஒரு பக்கத்துக்குள் ஒரு கடிதம்: என்ன செய்தி, ஏன் இப்போது, உங்கள் இதழில் எந்தப் பகுதிக்குப் பொருந்தும், ஏன் இதை நான் எழுத வேண்டும். அந்த ‘எந்தப் பகுதி’ என்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த இதழின் ஐந்தாறு பழைய பிரதிகளையாவது வரி வரியாகப் படித்திருக்க வேண்டும். பெரிய கட்டுரைகளை அவர்கள் தெரியாத ஆளுக்குத் தர மாட்டார்கள். முன்பக்கங்களில் வரும் 200, 300 சொல் துணுக்குகளே புதியவர் நுழையும் வாசல். என் மூன்றாவது கடிதம் அந்த வாசலில் நுழைந்தது. 300 சொற்கள், பினாங்கின் இரவு நேரச் சரக்கு பற்றி.

வந்த பணம் 60 அமெரிக்க டாலர், நம் காசுக்கு ஏறக்குறைய 250 வெள்ளி. அதுவும் பிரசுரமாகி இரண்டு மாதம் கழித்து, நான் விலைச்சீட்டு அனுப்பிய பிறகு. இதை நம்பி வாடகை கட்ட முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் இன்னமும் வார இறுதியில் டியூஷன் எடுக்கிறேன்.

என் தவற்றையும் சொல்ல வேண்டும். அந்தத் துணுக்கில் ஓரிடத்தில் ஃபயர்ஃபிளையின் ஏடிஆர் 72-500 ரக விமானத்தை 72-600 என்று எழுதியிருந்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விமானி அறை வேறு. ஆசிரியர் அச்சுக்குப் போகும் முன் பிடித்து, ‘எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் இதை ஓட்டுபவர்கள், மீதிப் பேர் இதைப் பழுதுபார்ப்பவர்கள்’ என்று எழுதியிருந்தார். கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. கவிதையில் மழை எந்தத் திசையிலிருந்து பெய்தது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்பார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், அது எங்கிருந்து கிடைத்தது என்று என் பிரதியில் குறித்து வைக்கிறேன். பாயான் லெப்பாஸ் ஓடுபாதையின் இரு முனைகளிலும் 04, 22 என்று எழுதியிருப்பது ஏன் என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். திசைகாட்டியில் 40 பாகை, 220 பாகை; கடைசிச் சுழியத்தை விட்டுவிடுகிறார்கள். இருபது வருடமாகச் சுங்கை ஆரா வீட்டு மாடியிலிருந்து விமானம் பார்த்தவளுக்கு இது தெரியாது!

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. கட்டுரையோடு நல்ல படமும் இருந்தால் ஆசிரியரின் மனம் இளகும் என்பது உண்மைதான். அதற்காக பட்டர்வொர்த் விமானப் படைத் தளத்தின் வேலியோரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கென 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது மாணவர் அட்டையைப் பார்த்து இரக்கப்படாது.

இனி மொழிக்கு வருவோம். ‘ஆங்கிலத்தில் எழுதிச் சம்பாதிக்கிறாய், இதில் தமிழுக்கு என்ன?’ என்று கழகக் கூட்டத்தில் ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி, நான் அன்று மழுப்பினேன். இன்று என்னிடம் பதில் இருக்கிறது. நான் முதல் படியைத் தமிழில்தான் எழுதுகிறேன். பாசத்தால் மட்டுமல்ல. எனக்கு உண்மையாகவே புரிந்திருக்கிறதா என்று சோதிக்கத் தமிழே நல்ல அளவுகோல். ‘ஸ்டால்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்; புரிந்தது போலவே இருக்கும். கார் ஓட்டுகிறவர்களுக்கு அது இயந்திரம் நின்றுபோவது, அதனால் விமானத்திலும் அப்படித்தான் என்று நானும் நம்பியிருந்தேன். தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் சொல் கிடைக்காமல் தவித்து, பாடப் புத்தகத்தைத் திறந்தேன். காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டும்போது இறக்கை தன் தூக்குவிசையை இழப்பதுதான் அது. இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது நடக்கலாம். நிபோங் திபால் வளாகத்தில் விண்வெளிப் பொறியியல் படிக்கும் ஒரு நண்பரிடம் காட்டிச் சரிபார்த்தேன். “இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு முதல் தவணையிலேயே புரிஞ்சிருக்குமே” என்றார். அவரும் தமிழ்ப்பள்ளிதான்.

அடுத்தது ஒப்பந்தம். சில இதழ்கள் கட்டுரையின் எல்லா உரிமைகளையும் வாங்கிக்கொள்ளும். சில முதல் வெளியீட்டு உரிமையோடு நிறுத்திக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். தமிழில் வெளியிடும் உரிமை என்னிடமே இருக்கட்டும் என்று கேட்டேன். ஆசிரியர் ஒரே வரியில் ஒப்புக்கொண்டார். அவரிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அந்தத் துணுக்கின் தமிழ் வடிவத்தை ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பினேன். பிரசுரித்தார்கள். சன்மானம் இல்லை. அப்பா பத்துப் பிரதி வாங்கியதில் எனக்கு நட்டம்தான்.

தமிழில் இது ஏன் வேண்டும் என்பதற்குச் சென்ற ஆண்டைவிடக் கசப்பான சான்று தேவையில்லை. 2025 ஜூன் 12-இல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். விபத்து நடந்த 30 நாளுக்குள் முதற்கட்ட அறிக்கை தர வேண்டும் என்பது அனைத்துலக முறை. ஜூலை 12-இல் அந்த அறிக்கை வந்தது. இரு இயந்திரங்களின் எரிபொருள் விசைகளும் புறப்பட்ட சில விநாடிகளில் நிறுத்த நிலைக்கு மாறின என்றும், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதாகவும் அதில் இருந்தது. யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்று அறிக்கை சொல்லவில்லை. விசை எப்படி மாறியது என்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் மறுநாளே தமிழ்க் காணொளிகள் வந்து குவிந்தன, குற்றவாளியின் பெயரோடு! அறிக்கை 15 பக்கம்தான். அதை முழுதாகப் படித்து, அது சொல்வதைச் சொல்லி, சொல்லாததைச் சொல்லாமல் விட்டு, தமிழில் இரண்டு பக்கம் எழுத ஓர் ஆள் இருந்திருந்தால் அத்தைக்கு நான் அதை அனுப்பியிருப்பேன். நானே எழுதியிருக்கலாம். தேர்வு என்று காரணம் சொல்லிக்கொண்டு எழுதவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

முன்னாள் மாணவர்களான அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் ஒரு வேண்டுகோள். உங்களில் தொழிற்பேட்டையில் பொறியியலாளர்களாக இருப்போர் உண்டு. சரக்கு நிறுவனத்தில் இருப்போர், விமான நிலையத்தில் இருப்போர், சிப்பாங்கிலோ சுபாங்கிலோ விமானப் பழுதுபார்ப்பில் இருப்போரும் இருக்கக்கூடும். எங்களுக்கு நன்கொடையை விட உங்களின் ஒரு மணி நேரம் வேண்டும். ஒரு மாணவர் குறிப்பேட்டோடு வந்து உட்கார்ந்து கேள்வி கேட்க அனுமதி தாருங்கள். நிறுவன இரகசியம் யாருக்கும் வேண்டாம். வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால் போதும். கழகச் செயலவைக்கும் ஒன்று: அடுத்த ஆண்டிதழில் கவிதையில் இரண்டைக் குறைத்து, ஓர் இயந்திரத்தைப் பற்றியோ ஒரு வேலையைப் பற்றியோ நேரில் பார்த்து எழுதிய கட்டுரைக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். அதற்கென ஒரு போட்டியும் வையுங்கள். பரிசு கொடுக்க தேவன் கிடைக்க மாட்டார், பரவாயில்லை.

நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது சென்னை – பினாங்கு வான்வழி பற்றியது. 2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ நேரடிச் சேவை தொடங்கியபோது வந்த ஆங்கிலச் செய்திகளில் நான் படித்தவை சுற்றுப்பயணிகளின் எண்ணிக்கையைத்தான் பேசின. அந்த வழி நமக்குப் புதிதா? சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ‘ரஜூலா’ கப்பல் பினாங்குக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் தீப்பிடிக்கும் வரை ஓடியது. கப்பல் நின்ற பின் அந்தக் குடும்பங்கள் எப்படிப் போய் வந்தன, இப்போது யார் அந்த இருக்கைகளில் உட்காருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்கும் நேரத்தில் பாட்டியிடம் பேட்டி எடுக்கிறேன். 1969-இல் ரஜூலாவில் நாகப்பட்டினம் போய்த் திரும்பியவர் அவர். கடலில் எத்தனை நாள் பாட்டி என்று கேட்டேன்.

“நாளயா எண்ணிக்கிட்டிருந்தேன்? வாந்தியத்தான் எண்ணினேன்” என்றார்.

எத்தனை முறை என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.